நிழலுக்கு ஒரு கோணம்

மே 15, 16 வாக்கில் மும்பையில் நண்பகல் 12.35 சுமாருக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட கம்புக்கு அந்தச் சில நொடிகள் நிழல் கிடையாது. வானியல்காரர்கள் இதை நிழலில்லா நாள் என்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வரும். இரண்டாவது ஜூலை 27, 28 வாக்கில். அப்போது மும்பை மழைமேகத்துக்குள் இருக்கும், பார்க்கக் கிடைப்பது அரிது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்கு இந்த நாளே இல்லை.

நாள் ஊருக்கு ஊர் மாறும். திருநெல்வேலிக்கு ஏப்ரல் 12ஐ ஒட்டி, சித்திரை பிறப்பதற்குச் சற்று முந்தி. தஞ்சாவூருக்கு 18 வாக்கில். சென்னைக்கு 24 வாக்கில். பிறகு மெதுவாக ஏறி ஏறி, நெல்லையை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மும்பைக்கு வந்து சேர்கிறது. தாராவிக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் வந்த வழியும் அதுதான்: தெற்கிலிருந்து வடக்கே.

மே பாதியிலிருந்து ஜூலை கடைசி வரை மும்பையில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்தப் பத்து வாரமும் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதமெல்லாம் வடக்கே. சயான் மேம்பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும், மேகம் விட்டால்.

*

உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராமல் 12.35க்கு ஏன் வருகிறது? இந்தியக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. மும்பை அதற்குப் பத்துப் பாகை அளவு மேற்கே இருக்கிறது. 1906இல் நாடு முழுக்க ஒரே நேரம் என்று வந்தபோது பம்பாய் இசையவில்லை. 39 நிமிடம் பின்தங்கிய பம்பாய் நேரத்தை நகரத்தின் பெரும்பகுதி விடாமல் வைத்துக்கொண்டது. அது முழுதாகப் போனது 1955இல். தன் நிழலுக்குப் பொருந்திய மணியை இந்த ஊர் அரை நூற்றாண்டு காத்து வைத்திருந்தது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

*

நம் பேச்சில் நிழல் இரண்டு பக்கமும் போகும். "உங்க நிழல்லதான் பொழைக்கோம்" என்று ஊர்ப் பெரியவரிடம் சொல்வதும் நிழல். "அவன் நிழல்கூட இங்க படக்கூடாது" என்பதும் நிழல். வெயிலுக்கு ஒதுங்குவது, ஒருவரை விடாமல் பின்தொடர்வது, பேருந்துக்கு நிற்கும் நிழற்குடை, சுவரில் மாட்டிய தாத்தாவின் நிழற்படம், எதிர்க்கட்சி அமைக்கும் நிழல் அமைச்சரவை, துப்பாக்கிச் சூடும் கள்ளக்கடத்தலும் நடக்கும் நிழலுலகம். இவ்வளவுக்கும் ஒரே சொல். காப்பாற்றுவதும் அதுவே, தீட்டாவதும் அதுவே, மறைப்பதும் அதுவே. மும்பையில் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. இந்தக் குறிப்புகளில் என்னைப் பிடித்து வைத்திருப்பது ஒரே கேள்வி: நிழலை யார் அளந்தார்கள், யாருக்காக?

*

1896இல் பம்பாயில் பிளேக். மாண்ட்வியில் தொடங்கி நகரம் முழுக்கப் பரவியது. இருட்டும் நெருக்கமும் நோயை வளர்க்கின்றன என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். வீடுகளின் கூரை ஓட்டைப் பிரித்து வெளிச்சம் விட்டார்கள். குடியிருக்கத் தகாதது என்று கதவுகளில் முத்திரை குத்தினார்கள். எலியின் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று உறுதிப்படப் பல ஆண்டு ஆனது. ஆனால் வெளிச்சத்தைத் தேடிப் போனதில் ஒரு நன்மை விளைந்தது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் என்று வடக்கே கிடந்த வயலையும் சதுப்பையும் மனையாக்கியது அந்த டிரஸ்ட்தான்.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் 1912இல் பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்பது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவர் பிடித்துக்கொண்ட எண் 63½ பாகை. உங்கள் கீழ்த்தள அறையிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு தரையோடு 63½ பாகைக்கு மேல் எழக்கூடாது. எழுந்தால், எதிர்க் கட்டடம் உங்கள் வானத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். லண்டனின் 1894ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்திலும் இதே கோணம் உண்டு.

கணக்கு எளிது. 63½ பாகை என்றால் உயரத்தில் பாதி இடைவெளி. 14 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் எதிரே 7 மீட்டர் திறந்த வெளி. கொத்தனார் ஒரு முழக்கயிற்றை மடித்துப் பார்த்தே சரிபார்த்துவிடலாம்.

குறையும் உண்டு. டிசம்பர் நடுப்பகலில் மும்பைச் சூரியன் ஏறக்குறைய 47½ பாகைதான் ஏறுகிறது. அந்த மாதம் தெற்கே உயர்ந்த கட்டடம் இருந்தால், இந்த விதிப்படி கட்டிய கீழ்த்தளத்துக்கும் நேர் வெயில் வராது. வானத்தின் வெளிச்சம் வரும். ஓர் கேட்டதும் அந்த வானத்தைத்தான்.

மாட்டுங்காவில் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த குமாஸ்தாக்கள் குடியேறியது இப்படி அளந்து போட்ட தெருக்களில். 1920களிலும் 30களிலும் எழுந்த மூன்று, நான்கு மாடி வீடுகள். ஆஸ்திக சமாஜ் ராமர் கோவில் 1923. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932. ரயிலேறி வந்த கணக்கர் குடும்பம் மாலை ஐந்து மணிக்கும் விளக்கில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிந்ததற்கு அந்த 63½ பாகையும் ஒரு காரணம். மாட்டுங்காவைப் பற்றிப் பேசும்போது காபியும் கச்சேரியும் பூக்கடையும் வரும் அளவுக்கு இது வருவதில்லை. வரவேண்டும்.

*

இன்னொரு அளவும் இருந்தது.

பேஷ்வாக்கள் காலத்துப் புனாவில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகும் காலை ஒன்பது மணிக்கு முன்பும் தீண்டாமைக்கு ஆளான மஹர்களும் மாங்குகளும் நகர வாயிலுக்குள் வரக்கூடாது. அந்த நேரங்களில் உடலின் நிழல் நீளமாக விழும். எதிரே வரும் மேல்சாதிக்காரர் மேல் பட்டுவிடும். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த ஜி. எஸ். குர்யே 1932இல் வந்த தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலிலும் பேஷ்வா ஆட்சியில் நிழல் தீட்டாகும் என்று தெருவில் விலக்கப்பட்டதைச் சொல்கிறார்.

வடிவியல் அறிந்தவர்கள் செய்த விதி இது. சூரியன் தாழ்ந்தால் நிழல் நீளும் என்ற அறிவை எடுத்து, மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்தும் கடிகாரமாக்கியிருக்கிறார்கள். ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவே, வெயில் கொளுத்தும் ஆறு மணி நேரம் மட்டும் உள்ளே வரலாம், வேலை செய்ய.

நெல்லையில் இதற்கும் மேலே. 1932 டிசம்பரில் 'இந்து' நாளிதழில் ஒரு செய்தி வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் புரத வண்ணார்கள் பகலில் வெளியே தலைகாட்டக்கூடாது. இரவில்தான் வேலைக்கு வரவேண்டும். அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு. நிழலே விழாத நேரத்துக்கு அவர்களைத் துரத்தியிருக்கிறார்கள்.

நிழலில்லா நாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கம்பு நட்டுக் காட்டுகிறோம். நல்ல காரியம். அன்றைக்கே, அதே கம்பை வைத்து, ஒன்பது மணி நிழலையும் மூன்று மணி நிழலையும் அளக்கச் சொல்லிப் புனாவின் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அம்பேத்கர் இருபது ஆண்டுக்கு மேல் குடியிருந்தது பரேலில் ஒரு பி.ஐ.டி. சால் என்ற தொடர்குடியிருப்பில். அந்த மூன்று எழுத்தும் மேலே சொன்ன மேம்பாட்டு டிரஸ்டின் பெயர்தான். பிறகு புத்தகங்களுக்காக அவர் கட்டிய ராஜகிருஹம், மாட்டுங்காவை ஒட்டிய இந்து காலனியில், டிரஸ்ட் மனை போட்ட பகுதிக்குள் இருக்கிறது. நிழலை வைத்து விலக்கப்பட்டவர்களின் தலைவர், நிழலை அளந்து விட்ட தெருவில் வீடு கட்டினார். இதை எழுதும்போது மனம் நிறைகிறது.

*

சாயா சூரியனின் மனைவியின் நிழல். கணவனின் வெப்பம் தாங்காமல் சஞ்ஞை தன் நிழலை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள் என்பது கதை. அந்த நிழலுக்குப் பிறந்தவன் சனி. ராகுவும் கேதுவும் சாயா கிரகங்கள். உடல் கிடையாது, சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். இருந்தும் நவக்கிரகம் சுற்றுகிறவர்கள் அதிகம் அஞ்சுவது இந்த மூவருக்குத்தான். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலுக்குப் படியேறுகிறவர்களில் பாதிப் பேராவது ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள்.

மராத்தியில் சாவ்லி. இந்த ஊரில் எத்தனை கட்டடங்களுக்கு 'சாவ்லி', 'சாயா' என்று பெயர். குடியிருக்கும் வீட்டுக்கு நிழல் என்று பெயர் வைக்கும் ஆசை இரண்டு மொழிக்கும் பொது.

*

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். விழும். காலையிலும் மாலையிலும் போய்ப் பார்க்கலாம், பிராகாரத்தில் நீளமாகக் கிடக்கும். மேலே போகப் போகக் குறுகும் கட்டடம் என்பதால் சூரியன் உச்சியில் நிற்கும்போது நிழல் தன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ராஜராஜனின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையில்லை.

*

தாராவிச் சந்துகள். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழே ஒரு கோலி (ஓரறை வீடு), மேலே ஒரு கோலி, மேலே போக இரும்பு ஏணி. மேல்கோலிகள் சந்தின் பக்கம் நீட்டிக்கொண்டு, மேலே கைகுலுக்கும் தூரத்தில் நிற்கின்றன. நீலத் தார்ப்பாய் மிச்சமிருக்கும் வானத்தையும் மூடும்.

"எங்களுக்கு வெயிலு வேணும்னா மாடிக்கில்லா போணும், தம்பி. பகல் பன்னெண்டுக்கு லைட்டு போடாம அரிசியில கல்லு பாக்க முடியாது" என்றார் ஒரு நெல்லைப் பாட்டி. சொல்லிவிட்டுப் பேத்தியைப் பார்த்து, "ஏட்டி, வத்தலைத் திருப்பிப் போட்டியா?" கூரைத் தகரத்தின் மேல் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் நின்றால் நிழலின் அருமை தெரியும் என்று ஊரில் சொல்லி வளர்ந்தவர். இங்கே அவர் வெயிலுக்காக ஏணி ஏறுகிறார்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தாராவி ஒரே இருட்டாகத் தெரியும். உள்ளே வெயிலுக்கும் நிழலுக்கும் தனித்தனி இடமும் நேரமும் உண்டு. அப்பளம் இடும் பெண்கள் கவிழ்த்த மூங்கில் கூடைகளின் மேல் வட்டம் வட்டமாகப் பரப்பி வெயிலுக்குத் தள்ளுகிறார்கள். தெரு அகலமாக இருக்கும் இடத்தை அவர்கள் அறிவார்கள், வெயில் நகர நகரக் கூடையும் நகரும். கும்பார்வாடாவில் குயவர்களுக்கு நேர்மாறு. சக்கரத்திலிருந்து இறக்கிய பச்சைப் பானையைக் கடும் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். முதலில் நிழலில் ஆறவேண்டும், பிறகுதான் வெயில், பிறகு சூளை. தோலும் அப்படித்தான். பதனிட்ட ஈரத்தோலைச் சுள்ளென்ற வெயிலில் போட்டால் விறைத்துப் போகும். காற்றோட்டமான நிழல் வேண்டும். நாட்டு மருந்துக்கு வேரும் இலையும் நிழலில் உலர்த்துவதுபோல என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

ஒரு தொழில் எப்போது வெயில் கேட்கும், எப்போது நிழல் கேட்கும் என்பது தாராவி மறுசீரமைப்புக்கு வரைபடம் போடுகிறவர்கள் கணக்கில் வருவதாகத் தெரியவில்லை. இருபது மாடிக் கட்டடத்தில் அப்பளக் கூடையை எங்கே வைப்பது?

*

தோல் என்றதும் இன்னொன்று.

தாராவி வளர்ந்ததே தோல் ஷாப்புகளால். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் வேலை நகரத்துக்கு வெளியே இங்கே வந்தது. தமிழ் முஸ்லிம்களும் நெல்லை ஆதிதிராவிடர்களும் வந்து சேர்ந்தார்கள். 1971இல் பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்குப் போனது. அதன் பிறகு பதனிடும் தொழில் படிப்படியாகத் தேய்ந்து, இன்று பையும் பெல்ட்டும் தைக்கும் தொழில் நிற்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் தோலோடு போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் தோல்பாவைக் கூத்து நடத்தும் மண்டிகர் குடும்பங்கள் வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி இருந்த காலத்தில் வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும் அளவுக்குச் சீவி, சாயம் தீட்டி, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, நெல்லையிலும் குமரியிலும் ஊர் ஊராக ராமாயணத்தை நிழலாக ஆட்டினார்கள். தமிழில் கதை, வீட்டுக்குள் மராத்தி. மராட்டிய மண்ணில் சிந்துதுர்க் மாவட்டத்தின் பிங்குளி கிராமத்தில் இன்றும் தோல்பாவை ஆடும் ஒரு சமூகம் இருக்கிறது.

வெளியூர்க்காரன், இடம்பிடிக்க வந்தவன் என்ற பேச்சை மும்பைத் தமிழர் 1960களில் நிறையக் கேட்டார்கள்; அடியும் வாங்கினார்கள். நெல்லை மாவட்டத்துக் கிராமத்தில் மராத்தி பேசும் ஒருவர் நிழலாட்டிப் பிழைத்ததும், தாராவியில் தமிழ் பேசும் ஒருவர் தோல் பதனிட்டுப் பிழைத்ததும் ஒரே நாட்டில் நடந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மேடை ஒன்று தாராவியில் அமைந்து, கூத்துக்காரர்களை அழைத்துவந்து 90 அடிச் சாலையில் ஆடவைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

*

நிழலுலகம். வரதராஜ முதலியார் பெயர் வராமல் மும்பைத் தமிழர் பேச்சு முடியாது. மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே அவர் போட்ட கணபதி பந்தலுக்கு நகரமே வந்தது. சாராயமும் கடத்தலும் அவர் தொழில். அவரிடம் போனால் காரியம் நடக்கும் என்று நம்பியவர்கள் "அவர் நிழல்ல இருந்தோம்" என்று சொல்கிறார்கள். அவர் ஆட்களிடம் சிக்கிச் சீரழிந்தவர்களுக்கும் அது நிழல்தான், வேறு பொருளில். 1988இல் சென்னையில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கதையைத் தழுவிய 'நாயகன்' படம் வந்துவிட்டது.

அந்தப் படத்தின் தாராவியைத் தோட்டா தரணி சென்னையில் ஸ்டுடியோவுக்குள் கட்டினார். பி. சி. ஸ்ரீராம் முகங்களின் பாதியை இருட்டில் விட்டு ஒளி அமைத்தார். இருவருக்கும் கமல்ஹாசனுக்கும் தேசிய விருது. 2018இல் 'காலா'வுக்கும் சென்னையில் தாராவி அரங்கம் எழுந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மனத்தில் இருக்கும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் கட்டிய தாராவியின் நிழல். இரண்டும் நல்ல படங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் குறை ஒன்றுதான்: அந்த நிழலில் அப்பளக் கூடை இல்லை, விடியுமுன் இட்லிச் சட்டியோடு கிளம்புகிறவர்கள் இல்லை. துப்பாக்கிதான் பெரிதாகத் தெரிகிறது.

*

மாட்டுங்காவின் வெளிச்சம் கட்டட விதியால் வந்தது, நிழல் மரங்களால். பார்சி காலனியை நிறுவிய மஞ்சர்ஜி ஜோஷி தெருவோரம் நட்ட மரங்களின் நிழலில்தான் ஐந்து தோட்டங்களைச் சுற்றி இன்றும் நடக்கிறார்கள். தூங்குமூஞ்சி மரங்கள் மும்பைச் சாலைகளுக்குக் கூரை. 2010களில் மாவுப்பூச்சி விழுந்து நூற்றுக்கணக்கில் பட்டுப்போயின. ஒரு தூங்குமூஞ்சி விழுந்தால் ஒரு தெருவின் மே மாதமே மாறிவிடுகிறது. நட்ட கன்று அந்த அளவு நிழல் தர ஒரு தலைமுறை ஆகும்.

சிமெண்ட் நிழலும் உண்டு. மாட்டுங்காவில் அம்பேத்கர் சாலை மேம்பாலம் திறந்தபின் அதன் அடியில் வண்டி நிறுத்தமும் குப்பையும் சேரப் பார்த்தன. அக்கம்பக்கத்தார் சேர்ந்து எதிர்த்து, மாநகராட்சியிடம் போராடி, 2016இல் அங்கே ஒரு தோட்டம் வாங்கினார்கள். நானாலால் மேத்தா தோட்டம், ஏறக்குறைய 600 மீட்டர் நீளம். நடைபாதை நர்மதை ஆற்றின் வளைவைப் போல வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் லாரி ஓட, நடுவில் பாட்டிகள் நடக்கிறார்கள். மும்பையின் மற்ற மேம்பாலங்களுக்கு அடியில் குடும்பங்கள் படுத்திருக்கின்றன. அதுவும் நிழலுக்கு ஒதுங்குவதுதான்.

*

செம்பூருக்குக் கிழக்கே கோவண்டி, மான்குர்த். சாலைக்கும் ரயில்பாதைக்கும் இடம் கொடுத்துவிட்டு வெளியேறியவர்களுக்காகக் கட்டிய மறுகுடியிருப்புகள் இங்கே நிற்கின்றன. நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட். குடிசைமாற்றுக்கென்று இடைவெளி விதிகள் தளர்த்தப்பட்டன. நட்வர் பாரேக்கில் தரைத்தளமும் ஏழு மாடியும் உள்ள கட்டடங்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன. ஜே. பி. ஓர் சொன்ன கோட்டை இங்கே இழுத்தால் கோணம் 80 பாகையைத் தாண்டுகிறது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே வந்தால்தான் கீழ்வீட்டுக்கு நேர் வெயில். வருவது கோடையின் சில வாரம், அதில் ஒரு நாளைக்குச் சில நிமிடம். அதற்குள் மழைக்காலம்.

'டாக்டர்ஸ் ஃபார் யூ' மருத்துவர்கள் இந்த இரண்டு காம்பவுண்டையும், இடைவெளி கூடுதலாக உள்ள பி.எம்.ஜி. காலனியையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. நெருக்கமான இரண்டிலும் காசநோய் மிக அதிகம். கீழ்மாடிகளில் மேலும் அதிகம். மூடிய அறையில் இருமல் துளி காற்றில் தங்குகிறது. வெயிலும் காற்றோட்டமும் அதைக் கொன்று கலைத்துவிடும். இரண்டும் இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் போராடுகிறது. பிளேக் காலத்தில் தவறான நோய்க்குச் சொன்ன மருந்து, காசநோய்க்குச் சரியான மருந்து. அதைச் சட்டமாக்கிய ஊர், நூறு ஆண்டு கழித்து ஏழைகளுக்குக் கட்டும்போது அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. எனக்கு இதில் ஆறாத கோபம்.

அடுத்தது தாராவி. 2022இல் மறுசீரமைப்பு ஒப்பந்தப்புள்ளி அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்று பேச்சு. ஏணி ஏறும் மேல்கோலிக்காரர்களும் பின்னால் வந்தவர்களும் தாராவிக்கு வெளியே. கூட்டங்களில் எல்லாம் கேட்பது சதுர அடி, தகுதி, வாடகை. கேட்கவேண்டியவைதான். அவற்றோடு மூன்று எண்களை எழுத்தில் வாங்க வேண்டும்: எனக்கு ஒதுக்கும் வீடு எத்தனையாவது மாடி, எதிர்க் கட்டடம் எத்தனை மீட்டர் உயரம், நடுவில் எத்தனை மீட்டர் வெளி. உயரத்தை இரண்டால் வகுத்துப் பார்த்து, இடைவெளி அதற்குக் குறைந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் காரணம் கேட்க வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் தாராவிப் பள்ளி ஆசிரியர்களும் இந்தக் கணக்கை ஒரு பக்கத் துண்டறிக்கையாகத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போதும், பாகைமானி பிடித்து அளந்து சொல்லிவிடுவார்கள்.